கல் தூசி, உப்புக் காற்று, குங்குமம்: கேமரா லென்ஸைக் காக்கச் சில குறிப்புகள்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே வானூர்ப் பக்கம் கல் குவாரியும் கிரஷரும். மேற்கே செஞ்சிப் பாறைகள். விழுப்புரத்தைச் சுற்றிச் சர்க்கரை ஆலைப் புகை, அரிசி ஆலைக் கரி. இதற்கு நடுவே மாதம் தவறாமல் ஏதாவது ஒரு கோயிலில் திருவிழா. ஒரு லென்ஸுக்கு வரக்கூடிய சேதம் அத்தனையும் விழுப்புரம் என்ற இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர் கண்ணாடியைப் பற்றியும் ஹூட் என்ற பிளாஸ்டிக் மறைப்பைப் பற்றியும் கடைக்காரர் ஒன்று சொல்வார், கல்யாண போட்டோகிராபர் வேறொன்று சொல்வார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹூட் எப்போதும் லென்ஸில் இருக்கட்டும். ஃபில்டரை ஏதாவது பறந்து வரும் இடத்தில் மட்டும் மாட்டுங்கள். வீட்டுக் கேமராவுக்கும் இது பொருந்தும், ஸ்டுடியோ கேமராவுக்கும் பொருந்தும்.

1. கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹூட்டை வாங்குங்கள். பக்கவாட்டு வெயில் லென்ஸில் விழுந்து படம் வெளிறிப்போவதை அது தடுக்கும். அதைவிட முக்கியம், அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பைக்கின் கிராஷ் கார்டு போல, கீழே விழும்போது முதலில் தரையைத் தொடுவது அதன் விளிம்புதான். பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சில நேரம் கழன்று ஓடும், விரிசலும் விடும். லென்ஸ் தப்பிக்கும். கேனன் நிறுவனம் விலை உயர்ந்த எல் வரிசை லென்ஸ்களோடு ஹூட்டையும் சேர்த்துத் தருகிறது. சாதாரண லென்ஸ்களோடு தருவதில்லை. அதனால்தான் நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் கேமராக்களில் பெரும்பாலும் ஹூட்டே இருக்காது. கேனன் இ.எஃப். 50 எம்.எம். எஸ்.டி.எம். லென்ஸுக்கு இ.எஸ்.68, நிக்கான் 50 எம்.எம். 1.8ஜி லென்ஸுக்கு எச்.பி.47 என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அசல் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி செய்த அதே அளவு ஹூட் போதும். ஃபில்டரில் மலிவு பார்க்கக் கூடாது, ஹூட்டில் தாராளமாகப் பார்க்கலாம். அது வெறும் பிளாஸ்டிக். ஒளி அதன் வழியாகப் போவதில்லை.

2. ஹூட்டைத் திருப்பி மாட்டியபடியே படம் எடுக்காதீர்கள். அப்படி மாட்டுவது பையில் இடம் அடைக்காமல் வைப்பதற்கு மட்டும். மண்டபத்தில் வேலை செய்யும் போட்டோகிராபர்கள் பலரிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. திருப்பி மாட்டிய ஹூட் வெயிலையும் தடுக்காது, அடியையும் தாங்காது; ஜூம் வளையத்தைத் திருப்பவும் கைக்கு இடைஞ்சல்.

3. பூவிதழ் வடிவ ஹூட்டில் நீள இதழ்கள் இரண்டும் மேலும் கீழும் வர வேண்டும், குட்டை இதழ்கள் பக்கவாட்டில். படம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருப்பதால் இந்த ஏற்பாடு. ‘க்ளிக்’ என்று பூட்டும் வரை திருப்புங்கள். பாதியில் நின்றால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். ஃபோகஸ் செய்யும்போது முன்பாகமே சுழலும் பழைய லென்ஸ் என்றால் வட்ட ஹூட்தான் சரி.

4. கேமராவோடு வரும் சின்ன ஃப்ளாஷைப் பயன்படுத்தும்போது ஹூட்டைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழும்.

5. யூ.வி. ஃபில்டர் மாட்டினால் படம் தெளிவாக வரும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஃபிலிம் ரோல் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. ஃபிலிமில் புற ஊதாக் கதிர் பதியும். தூரத்து மலை நீலம் பாரித்துத் தெரியும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஆகவே இன்றைக்கு யூ.வி. ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் நிற்கும் ஒரு காவல் கண்ணாடி, அவ்வளவுதான். அந்தக் காவல் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன, கீழே வருகின்றன.

6. கீழே விழுந்து ஃபில்டர் மட்டும் உடைந்தால் ‘நல்லவேளை, லென்ஸைக் காப்பாற்றியது’ என்பார்கள். எல்லா நேரமும் அது உண்மையல்ல. ஃபில்டர் கண்ணாடி மெல்லியது, சின்ன அடிக்கே உடையும். லென்ஸின் முன் கண்ணாடி தடிமனானது. அதே அடியைப் பல நேரம் தாங்கியிருக்கும். பலமாக விழுந்தால் சேதம் உள்ளே, கண்ணாடிகளின் வரிசையிலும் பின்பக்க மவுண்டிலும்தான் வரும். அதை ஃபில்டர் தடுக்காது. தூசி, தண்ணீர், எண்ணெய், குழந்தையின் விரல் இவற்றுக்கு ஃபில்டர். விழுவதற்கும் இடிப்பதற்கும் ஹூட்.

7. கடையில் ஃபில்டர் வாங்கும்போது டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் விளக்கின் பிம்பம் வெள்ளை வெளேர் என்று இருந்தால் அதில் பூச்சு இல்லை. பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஃபில்டருக்கு முன் ஒன்று பின் ஒன்று என இரண்டு பரப்பு. ஆக 8 சதவீதம் வரை வீண். வீணானது போகட்டும் என்று விட முடியாது, அது உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துப் படத்தைக் கெடுக்கும். பெட்டியில் பிரபல கம்பெனியின் பெயர் இருப்பது மட்டும் போதாது. போலிகள் நிறைய வருகின்றன. கண்ணாடியைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

8. வாங்கியதும் வீட்டில் ஒரு சோதனை. செய்தித்தாளின் சின்ன எழுத்து விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, கேமராவை மேஜைமேல் அசையாமல் வைத்து, ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி எழுத்துகளை ஒப்பிடுங்கள். லென்ஸை அதன் அதிகபட்ச ஜூமில் வைத்து எடுத்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். எழுத்து மங்கினால் அந்த ஃபில்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

9. லென்ஸின் முன் விளிம்பில், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியும் அதற்குப் பக்கத்தில் 49, 52, 55, 58, 67, 77 என்று ஏதாவது ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் ஃபில்டர் அளவு, மில்லிமீட்டரில். 18-55, 24-105 என்ற எண்களை ஃபில்டர் அளவு என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். அவை ஜூம் தூரம்.

10. ஃபில்டரை மாட்டும்போது முதலில் இடப்பக்கமாக, கழற்றுவது போல, ஒரு சுற்று திருப்புங்கள். மரை உட்காருவது விரலுக்குத் தெரியும். அதற்கப்புறம் வலப்பக்கம் திருப்பினால் மரை மாறி ஏறாது. இறுக்கிவிடக் கூடாது, நின்றதும் விட்டுவிடுங்கள்.

11. ஃபில்டர் சிக்கிக்கொண்டால் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துத் திருப்புவதுதான் பலரும் செய்வது. அப்படி அழுத்தினால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, ஐந்து விரலாலும் சமமாகப் பிடித்துத் திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் சுத்தமான ரப்பர் விரிப்பின் மேல் லென்ஸை முகம் கவிழ்த்து மெதுவாக அழுத்தித் திருப்பலாம். விளிம்பு மட்டும்தான் ரப்பரில் படும். கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் பித்தளை வளையம் உள்ள ஃபில்டராகக் கேட்டு வாங்குங்கள். அலுமினிய வளையம் உப்புக் காற்றில் சிக்கிக்கொள்வது அதிகம்.

12. உடைந்த ஃபில்டரைத் துடைக்கவே கூடாது. லென்ஸை முகம் கீழே பார்க்கும்படி பிடித்து, காற்றுப் பம்பால் ஊதிச் சில்லுகளை உதிர்த்துவிட்டு, மூடி போட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நசுங்கிய வளையத்தைக் கழற்ற அவரிடம் தனிக் கருவி இருக்கும். வீட்டுக் குறடு வேண்டாம்.

13. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைக்குக் கேமராவோடு போகிறவர்கள் ஃபில்டர் இல்லாமல் போகாதீர்கள். மாசியில் நடக்கும் அந்தத் திருவிழாவில் தானியமும் காய்கறியும் காசும் சூறை விடுவார்கள், தலைக்கு மேலே பறக்கும். விபூதி, மஞ்சள், குங்குமம் காற்றோடு கலந்திருக்கும். ஒரு நாணயம் நேராக வந்து பட்டால் எந்த ஃபில்டரும் தாங்காது. அதற்குத்தான் ஆழமான ஹூட். தூளுக்கு ஃபில்டர். இரண்டும் சேர்ந்து வேண்டிய இடம் இது. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கும் கூட்டம் நெரியும். அன்றைக்குத் தூளைவிட இடிபாடுதான் அதிகம், ஹூட் போதும்.

குங்குமம் பட்ட கண்ணாடியைச் சட்டென்று ஈரத் துணியால் துடைக்கிறார்கள். அது தப்பு. ஈரம் பட்டதும் சாயம் இறங்கி மரை இடுக்கெல்லாம் சிவந்துபோகும். முதலில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஊதுங்கள். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். கடைசியில்தான் துணி. கூட்டத்தின் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். உள்ளே போகும் தூளுக்கு ஃபில்டரும் கிடையாது, ஹூட்டும் கிடையாது.

14. மரக்காணம் உப்பளத்தில் காலை வெயிலில் படம் எடுப்பது ஓர் ஆனந்தம். கழுவெளி சதுப்புநிலமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு டெலி லென்ஸோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இங்கே எதிரி கண்ணுக்குத் தெரியாது. அரை நாள் கழித்துக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். வறட்டுத் துணியால் தேய்த்தால் பரவுமே தவிரப் போகாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை, ஆசிட் அல்ல என்று பார்த்து வாங்கி, மைக்ரோ ஃபைபர் துணியில் சில சொட்டு விட்டு ஒற்றி எடுங்கள். லென்ஸின் வெளி உடம்பையும் அதே துணியால் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைக் கழற்றி மரையையும் துடைப்பது அவசியம்.

150-600 போன்ற லென்ஸ்களுக்கு 95 எம்.எம். ஃபில்டர் வேண்டியிருக்கும், நல்லதாக வாங்கினால் விலை கடிக்கும், மலிவாக வாங்கினால் பறவையின் இறகு குழையும். உப்பளத்துக்கு மாட்டுங்கள், கழுவெளிக் கரையில் நின்று பூநாரையைக் குறி வைக்கும்போது கழற்றிவிடுங்கள். அதைவிடப் பெரிய 600 எம்.எம். எஃப்4 லென்ஸ்களில் முன்னால் ஃபில்டர் மாட்ட மரையே இருக்காது. அவற்றை வடிவமைத்தவர்களே முன் கண்ணாடியைக் காக்க நீளமான ஹூட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

15. தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் பிடாகம் முதலான இடங்களில் ஊர்ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும்போது ஆற்று மணல் எழும்பும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. லென்ஸைக் கீறும் பொருள்களில் நாம் அன்றாடம் சந்திப்பது இதுதான். ஃபில்டர் மாட்டுங்கள். ஜூம் செய்யும்போது நீண்டு சுருங்கும் லென்ஸ் என்றால் அந்தக் குழாயில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்ட பிறகே சுருக்குங்கள். பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே வைத்திருப்பது நல்லது.

16. திருவக்கரையில் கல்மரப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் போக வேண்டியிருக்கும். கிரஷர் தூளிலும் குவார்ட்ஸ்தான். பைக்கில் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போகாதீர்கள்; மூடி போட்டுப் பைக்குள் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஊதுவது.

17. செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மராத்தியர் காலத்துக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்ததில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றுதான். கேமராவோடு ஏறுகிறவர்கள் இனிக் கூடுவார்கள். ராஜகிரி ஏறும்போது லென்ஸுக்கு வரும் ஆபத்து தூசியால் அல்ல. படிக்கட்டில் குனிந்து கையூன்றும்போது கழுத்தில் தொங்கும் கேமரா முன்னால் ஆடிப் பாறையில் மோதும். நேராக வந்து மோதுவது லென்ஸின் முகம்தான். இங்கே ஹூட் இல்லாமல் ஏறுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வாரைக் குறுக்காக மாட்டி, கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள். குரங்குகள் உண்டு, தொங்கும் மூடி, பளபளக்கும் கயிறு, தின்பண்ட வாசம் எதுவும் வெளியே இருக்க வேண்டாம்.

வானத்தின் நீலத்தையும் பாறையின் நிறத்தையும் எடுத்துக் காட்ட போலரைசர் ஃபில்டர் உதவும். சூரியன் உங்கள் தோளுக்கு நேராக, பக்கவாட்டில் இருக்கும்போதுதான் அதன் வேலை முழுதாகத் தெரியும். யூ.வி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மூலை கறுக்கும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஒளி குறையும் என்பதால் கல்யாண மகாலுக்கு உள்ளேயோ களஞ்சியத்துக்கு உள்ளேயோ நுழையும்போது கழற்றிவிட வேண்டும். பாதுகாப்புக்காக இதை எப்போதும் மாட்டி வைப்பது சரியல்ல.

18. விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயிலுக்குள் நின்று வெளியே பார்த்துப் படம் எடுத்திருக்கிறீர்களா? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பியதாக அரசனே கல்வெட்டில் சொல்லும் இடம். உள்ளே இருட்டு, வாசலில் கண் கூசும் வெயில். இப்படிப்பட்ட இடத்தில் ஃபில்டர் மாட்டியிருந்தால் தூண்களின் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும். கழற்றிவிட்டு எடுங்கள். ஹூட் இருக்கட்டும். பனைமலைக் கோயிலின் பல்லவர் ஓவியத்துக்கும் இதேதான். அங்கே ஃப்ளாஷும் கூடாது.

19. இரவு, விளக்கு இரண்டும் சேர்ந்தால் ஃபில்டர் வேண்டாம். தெருக்கூத்து ஆடும் இடத்தில் ஃபோகஸ் லைட், தேரில் சீரியல் செட், மண்டபத்தில் எல்.இ.டி. சுவர். பிரகாசமான விளக்கு ஒன்று படத்தின் வலது மேல் மூலையில் இருந்தால் இடது கீழ் மூலையில் பச்சையாக ஒரு பொட்டு விழுந்திருக்கும். நடுப்புள்ளிக்கு நேர் எதிரே, தலைகீழாக அப்படி விழுந்தால் ஃபில்டரின் வேலை என்று சந்தேகப்படலாம். கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள். போய்விட்டால் சந்தேகம் தீர்ந்தது. துரியோதனன் படுகளத்தின் விடியற்காலையில் மண் பறக்கும், அப்போது மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

20. கற்பூரப் புகையையும் ஓமப் புகையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்திலேயே இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்ட கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமித் திருவிழாவில் கூத்தாண்டவர் கோயில் முன்னால் கற்பூரத்தைக் குவியலாகக் கொளுத்துவார்கள். அந்தக் கரி எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து ஒட்டும். ஃபில்டர் மாட்டி எடுத்தால் வீட்டில் அதை மட்டும் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றிக் காயவைக்கலாம். லென்ஸை அப்படிக் கழுவ முடியாது. போலரைசரையும் கழுவக் கூடாது, இரண்டு கண்ணாடிக்கு இடையே தண்ணீர் இறங்கிவிடும். கூவாகத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே கூடும் திருநங்கையரைக் கேட்டுவிட்டு எடுங்கள். தாலி அறுக்கும் காலையில் அழுகிறவர் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்ட வேண்டாம்.

21. பஸ், ரயில் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்க மடங்கும் ரப்பர் ஹூட் நல்லது. கண்ணாடியோடு ஒட்டி அழுத்தினால் உள்ளே இருக்கும் விளக்கின் பிரதிபலிப்பு விழாது. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நிற்கும்போது எடுத்துப் பாருங்கள். ஓடும்போது லேசாகத் தொட்டால் போதும், அதிர்வு கேமராவுக்கு ஏறக் கூடாது.

22. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பதே புத்தி. சாதாரண மழைக்கு ஒரு வழி உண்டு: பெரிய பாலித்தீன் கவரின் அடியில் ஓட்டை போட்டு, ஹூட்டின் விளிம்பில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள்; கை நுழைக்கும் பக்கம் பின்னால். ஹூட் இருந்தால்தான் இந்தக் கட்டு நிற்கும், துளிகள் கண்ணாடிக்கு வருவதும் குறையும். தூசி, தூறல் தாங்கும் லென்ஸ்கள் சிலவற்றில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அந்தத் தடுப்பு முழுமையாகும் என்று கேனன் தன் கையேட்டிலேயே சொல்கிறது. உங்கள் லென்ஸின் கையேட்டைப் பாருங்கள். வெள்ளத்தில் முழுகிய கேமராவை ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரே சர்வீஸ். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலிலும் வைக்க வேண்டாம்.

23. ஏ.சி. மண்டபத்திலிருந்து நாகஸ்வரச் சத்தம் கேட்டு வெளியே ஓடினால் லென்ஸ் மேல் ஆவி படியும். ஃபில்டர் இருந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவேயும் படியும். அதைத் துடைக்க முடியாது, கழற்றத்தான் வேண்டும். வெளியே போவதற்கு முன் கேமராவைப் பாலித்தீன் கவருக்குள் போட்டு இறுகக் கட்டி, அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்தபின் திறங்கள்.

24. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் வரிசை மாறக் கூடாது: காற்று, பிரஷ், பிறகு துணி. காற்று என்றால் கையால் அழுத்தும் ரப்பர் பம்பு. பஞ்சர் கடைக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வரும். சட்டை நுனி, கைக்குட்டை, முந்தானை வேண்டாம். கஞ்சி போட்ட பருத்தி கண்ணாடிக்கு ஆகாது. லென்ஸ் திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், கண்ணாடிமேல் நேராக ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள்.

25. முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டதே என்று லென்ஸைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் படத்தில் அது தெரியவே தெரியாது. பின் கண்ணாடியில் விழுந்தால்தான் தெரியும். பின்மூடியில் மணல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து ஊதிவிட்டு மூடுங்கள். பின் கண்ணாடிக்கு முன்னதைப் போல மாட்டும் ஃபில்டர் கிடையாது.

26. ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஃபில்டர் மாட்டியபடி, தோல் பைக்குள், பீரோவின் அடியில் வைப்பது அதற்கு விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் போட்டு வையுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நீல ஜெல் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். அதைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நீல நிறத்துக்காகச் சேர்ப்பது கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. அந்துருண்டையையும் அரிசியையும் டப்பாவுக்குள் போடாதீர்கள். ஒன்று ஆவியாகிக் கண்ணாடியில் படியும், மற்றது மாவுத் தூசி கொட்டும். வாரம் ஒரு தரமாவது கேமராவை எடுத்துப் படம் எடுங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

27. கைக்குழந்தை உள்ள வீட்டில் ஃபில்டரை மாட்டியே வையுங்கள். முறுக்கு தின்ற விரல் நேராகக் கண்ணாடிக்குத்தான் வரும்.

28. செல்போன் கேமராமேல் ஒட்டும் கண்ணாடி வட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவில் விளக்கெல்லாம் இரண்டாகத் தெரியும். தினம் ஒரு முறை சுத்தமான துணியால் துடைத்தாலே போட்டோ நன்றாக வரும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பைக்கில் தினமும் போய் வருகிறவர்கள் போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதைக் குறையுங்கள். பெரிய எஞ்சின் பைக்கின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

29. பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. அதற்கு முன் ஃபில்டரைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஃபில்டர் கழலவில்லை என்றால் வளையம் நசுங்கியிருக்கலாம், அந்த லென்ஸ் ஒரு முறை விழுந்திருக்கக்கூடும்.

30. முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் நாலைந்து கேமரா இருக்கும். ஹூட் மாறிப்போவது சகஜம். வெளிப்புறத்தில் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஓர் அடையாளம் போடுங்கள். உட்புறத்தில் எதையும் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். ஒளியை விழுங்க வேண்டிய கறுப்பு அது.